கிறிஸ்தவ வெஸ்டர்ன் நாவலும் அதன் கதாநாயகியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மேற்கு என்றதும் நம்மில் பலருக்கு லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லரும், எழுபதுகளில் ஜெய்சங்கர் தொப்பியோடு குதிரையேறிய படங்களும்தான் நினைவுக்கு வரும். அதே நிலத்துக்குப் பைபிளையும் விதை மூட்டையையும் சுமந்து போன பெண்களை வைத்து ஆங்கிலத்தில் ஒரு தனி நாவல் வகையே வளர்ந்திருக்கிறது. அதைப் படிக்கிறவர்களும், படிக்கலாமா என்று யோசிக்கிறவர்களும், எழுதிப் பார்க்க நினைக்கிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பதில்களில் என் விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும்.

கிறிஸ்தவ வெஸ்டர்ன் என்றால் என்ன? கௌபாய்க் கதையில் நாலு ஜெபம் சேர்த்தால் போதுமா?

போதாது. அப்படிச் சேர்த்து ஒப்பேற்றிய புத்தகங்கள் நிறைய உண்டு, அவற்றை இரண்டாம் அத்தியாயத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம்.

வழக்கமான வெஸ்டர்ன் கேட்பது ஒரே கேள்விதான்: சட்டம் எட்டாத ஊரில் நியாயத்தை யார் நிலைநாட்டுவது? பதில், பெரும்பாலும் ஒரு துப்பாக்கிக்காரன். கிறிஸ்தவ வெஸ்டர்ன் வேறொன்றைக் கேட்கிறது. ஆலயம் இல்லை, போதகர் ஆண்டுக்கு இரண்டு முறை வந்தால் அதிகம், தாய்வீடு ஆயிரம் மைலுக்கு அப்பால். இப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி சிறுவயதில் கற்ற விசுவாசம் தாக்குப்பிடிக்குமா? அந்தக் கேள்விக்குக் கதை நேர்மையாகப் பதில் தேடினால் அது கிறிஸ்தவ வெஸ்டர்ன். பதிலை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு கதையை அதன்மேல் ஒட்டினால் அது துண்டுப்பிரசுரம்.

காலம் சுமாராக 1830கள் முதல் 1890கள் வரை. 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, குடியேற்ற எல்லைக்கோடு என்று தனியாக ஒன்றைக் காட்ட முடியாது என அமெரிக்க அரசே சொல்லிவிட்டது.

இந்த வகை எப்போது தொடங்கியது?

பொதுவான வெஸ்டர்னுக்கு 1902இல் வெளிவந்த ஓவன் விஸ்டரின் 'தி வர்ஜீனியன்' தொடக்கப்புள்ளி. வயோமிங்கில் நடக்கும் அந்தக் கதையில் நாயகி ஒரு பள்ளி ஆசிரியை. கடைசியில் அவளுக்குக் கிடைக்கும் பெரிய காட்சி, சண்டைக்குப் போகாதே என்று நாயகனைக் கெஞ்சுவது. அவன் போகிறான், சுடுகிறான், திரும்பி வருகிறான். பல பத்தாண்டுகளுக்கு வெஸ்டர்ன் பெண்களின் பங்கு ஏறக்குறைய அவ்வளவுதான்.

கிறிஸ்தவப் பதிப்புலகில் இது தனி வகையானதற்குக் கனடாக்காரரான ஜேனட் ஓக் 1979இல் வெளியிட்ட 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' பெரிய காரணம். புல்வெளியில் திடீரென விதவையான ஒரு பெண், தாயில்லாப் பிள்ளையை வைத்திருக்கும் ஒருவனைத் தேவைக்காக மணக்கிறாள். அதன் வெற்றிக்குப் பின் கிறிஸ்தவ வெளியீட்டாளர்கள் நாவலையும் ஒரு வியாபாரமாக மதிக்கத் தொடங்கினார்கள். அடுத்த பெரிய பெயர் பிரான்சின் ரிவர்ஸ். அவருடைய 'ரிடீமிங் லவ்' 1991இல் முதலில் வந்தது, திருத்திய பதிப்பு 1997இல். துரோகம் செய்து விலகிய மனைவி கோமேரைத் திரும்ப ஏற்றுக்கொண்ட ஓசியா தீர்க்கதரிசியின் வேதாகமக் கதையைத் தங்க வேட்டைக் காலத்துக் கலிபோர்னியாவில் நட்டுவைத்த நாவல் அது. 2022இல் திரைப்படமாகவும் வந்தது.

வலிமையான பெண்கள் அந்தக் காலத்தில் உண்மையிலேயே இருந்தார்களா? இன்றைய ஆசையைப் பழைய பாவாடைக்குள் திணிப்பதுதானே இது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். திணிப்பவர்கள் இருக்கிறார்கள். 1850இல் ஆண்களின் கால்சட்டையோடு ஊரைச் சுற்றி வந்து, யாரும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளப்படும் நாயகியை நானும் நம்பவில்லை. ஆனால் திணிக்கவே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. அரசாங்க ஏடுகளைப் புரட்டினால் போதும்.

ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20இல் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 21 வயது நிரம்பியவர் அல்லது ஒரு குடும்பத்தின் தலைவர், குடிமகனாக இருந்தாலோ குடியுரிமை கேட்டிருந்தாலோ, 160 ஏக்கர் வரை கோரலாம். ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்து காட்டினால் பட்டா. சட்டம் ஆண் என்று சொல்லவில்லை. ஆகவே மணமாகாத பெண், விதவை, விவாகரத்தானவள், கணவனால் கைவிடப்பட்டுக் குடும்பத்தைத் தாங்குகிறவள் எல்லாரும் தன் பெயரிலேயே நிலம் கோர முடிந்தது. கோரவும் செய்தார்கள். கணவனோடு வாழும் மனைவிக்கு மட்டும் அந்த உரிமை இல்லை.

இந்த ஒரு விதிக்குள் எத்தனை நாவல்கள் ஒளிந்திருக்கின்றன! நாலு வருடம் தனியாகக் குடியிருந்துவிட்ட ஒருத்தியிடம், அடுத்த நிலத்துக்காரன், அவளுக்கும் பிடித்தவன், திருமணம் பேசுகிறான். அவனும் பட்டாவுக்காகத் தன் நிலத்தில் குடியிருந்தாக வேண்டியவன். கணவனும் மனைவியும் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வசிப்பதாகக் கணக்குக் காட்ட முடியாது. யாருடைய நிலம் போவது? வில்லன் கொட்டகைக்குத் தீ வைக்கும் காட்சியைவிட எனக்கு இது பெரிய நெருக்கடி.

இது கற்பனையும் அல்ல. எலினோர் புருயிட் ஸ்டீவர்ட், தன்னை விதவை என்று சொல்லிக்கொண்ட ஒரு தாய், டென்வரில் துணி துவைத்துப் பிழைத்தவர், 1909இல் வயோமிங்கின் பர்ன்ட்ஃபோர்க் பகுதிக்கு ஒரு பண்ணையாரின் வீட்டு வேலைக்குப் போனார். தன் பெயரில் நிலம் கோரினார், சில நாட்களிலேயே அந்தப் பண்ணையாரை மணந்தார். அவர் எழுதிய கடிதங்கள் 1914இல் நூலாக வந்து புகழ் பெற்றன. பெண்களே, நிலம் கேளுங்கள், உங்களால் முடியும் என்பதுதான் அவற்றின் குரல். ஆனால் நில அலுவலக ஏடுகளைப் பின்னாளில் ஆய்வாளர்கள் பார்த்தபோது, அவர் 1912இல் கோரிக்கையை விட்டுக்கொடுத்திருந்ததும், நிலம் மாமியார் பெயருக்குப் போயிருந்ததும் தெரிந்தது. குடும்பத்துக்குள்ளேயே நிலத்தைத் தக்கவைக்க அவர் கண்ட வழி. இதைப் பொய் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அவர் இன்னும் சுவாரசியமானவராகத்தான் தெரிகிறார்.

வயோமிங் பிரதேசம் 1869 டிசம்பர் 10இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டே சவுத் பாஸ் சிட்டி என்ற சுரங்க ஊரில் எஸ்தர் ஹோபார்ட் மாரிஸ் அமைதி நீதிபதியாக, அதாவது சிறு வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நீதிபதியாக, அமர்ந்தார். ஆண்கள் பெருந்தன்மையால் கொடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பெண்கள் மிகக் குறைவாக இருந்த பிரதேசத்துக்குப் பெண்களை ஈர்க்க வேண்டியிருந்தது, அரசியல் கணக்குகளும் இருந்தன. காரணம் எதுவாயினும், 1870இல் ஒரு பெண் நீதிபதி முன் ஒரு குடிகாரன் கைகட்டி நிற்கும் காட்சியை எழுத யாரும் வரலாற்றை வளைக்க வேண்டியதில்லை.

நாயகிக்குத் துப்பாக்கி சுடத் தெரிய வேண்டுமா?

பாம்பும் ஓநாயும் இருந்த இடம், தெரிந்திருந்தால் நல்லது. ஆனால் அவளுடைய வலிமையை அதை வைத்து நிறுவும் நாவலாசிரியர் நாயகனின் சட்டையை அவளுக்கு மாட்டிவிடுகிறார், அவ்வளவே.

அப்படியானால் எதை வைத்து வலிமையை அளப்பது?

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கதையின் முக்கியமான முடிவை யார் எடுக்கிறார்கள், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள். முடிவு நாயகனுடையது, துன்பம் மட்டும் நாயகியுடையது என்றால் அவள் பொறுமைசாலி. பொறுமை நல்ல குணம்தான், ஆனால் அட்டையில் போட்ட வாக்குறுதி வேறு.

அருட்சகோதரி பிளாண்டினா செகாலேயின் வாழ்வில் ஒரு சம்பவம் உண்டு. இத்தாலியில் பிறந்து சின்சினாட்டியில் வளர்ந்த இவர், 22 வயதில், 1872இல், கொலராடோவின் டிரினிடாட் ஊருக்குப் பள்ளி நடத்தத் தனியாக அனுப்பப்பட்டார். அங்கே ஒருவன் இன்னொருவனைச் சுட்டுவிட்டான். சுடப்பட்டவர் சாகும் தறுவாயில் இருக்கிறார். அவர் உயிர் போனதும் சுட்டவனைச் சிறையிலிருந்து இழுத்துத் தூக்கில் போட ஒரு கும்பல் காத்திருக்கிறது. பிளாண்டினா முதலில் சாகக் கிடப்பவரிடம் போய், மன்னிப்பீர்களா என்று கேட்கிறார். பிறகு சிறைக்குப் போய்ச் சுட்டவனை அழைத்துக்கொண்டு, ஷெரிப்போடு, அந்தக் கும்பலின் நடுவே நடந்து கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்துகிறார். மன்னிப்பு கிடைக்கிறது. கும்பல் கலைகிறது, வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. இது அவரே எழுதி வைத்தது. மன்னிப்பு என்ற போதனையே இங்கே செயலாகவும் நிற்கிறது. இதற்கு மேல் ஒரு கிறிஸ்தவ வெஸ்டர்னுக்கு என்ன உச்சக்காட்சி வேண்டும்?

வேதாகமத்தில் இத்தகைய நாயகிக்கு முன்மாதிரி உண்டா?

எல்லாரும் ரூத்தைச் சொல்வார்கள். ஊர் விட்டு ஊர் போன விதவை, வயலில் கதிர் பொறுக்கியவள், "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்று மாமியாரிடம் சொன்னவள். பொருத்தம்தான், ஆனால் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியாகிவிட்டது.

நான் பரிந்துரைப்பது எண்ணாகமத்தில் வரும் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். தகப்பன் ஆண்பிள்ளை இல்லாமல் வனாந்தரத்தில் இறந்துவிட்டார். அவர்கள் மோசேயின் முன்னும் சபையின் முன்னும் நின்று, எங்களுக்கும் காணியாட்சி வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்று கர்த்தரே தீர்ப்பளிக்கிறார். 27ஆம் அதிகாரத்தோடு முடித்தால் இனிமையான கதை. 36ஆம் அதிகாரத்தில் கோத்திரத்து ஆண்கள் வந்து, இவர்கள் வேறு கோத்திரத்தில் மணம் செய்தால் நிலம் கைமாறிவிடுமே என்று முறையிடுகிறார்கள், திருமணத்துக்கு ஒரு கட்டுப்பாடு வருகிறது. மேலே சொன்ன குடியேற்றச் சட்டத்தின் அதே முடிச்சு! நிலம் தேடும் நாயகிக்கு இதைவிட நெருங்கிய வேதபகுதி எனக்குத் தெரியவில்லை.

நீதிமொழிகள் 31இல் வரும் குணசாலியான ஸ்திரீயைப் பற்றி நம் திருமண ஆராதனைகளில் கேட்காதவர்கள் இருக்க முடியாது. ஆனால் "ஒரு வயலை விசாரித்து அதை வாங்குகிறாள்" என்ற பதினாறாம் வசனத்தில் பிரசங்கியார்கள் அதிக நேரம் நிற்பதில்லை.

'ரிடீமிங் லவ்' பற்றி இருவிதமாகப் பேசுகிறார்களே, படிக்கலாமா?

பெரியவர்கள் படிக்கலாம். குழந்தைப் பருவத்திலேயே விபசாரத்துக்கு விற்கப்பட்ட பெண்ணின் கதை அது, வன்முறையும் உண்டு. கிறிஸ்தவ நாவல் என்ற நம்பிக்கையில் பள்ளி மாணவிக்குப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள்.

விமர்சனங்களில் ஒன்று நியாயமானது. நாயகி அடிபட்டுச் சுயநினைவு மங்கிக் கிடக்கும் வேளையில் நாயகன் திருமணத்துக்குச் சம்மதம் கேட்கிறான், அவளும் ஏதோ சொல்லிவைக்கிறாள். கர்த்தர் சொன்னார் என்பது அவனுடைய நியாயம். இன்றைய வாசகருக்கு இது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஆனால் நாவலின் பிற்பகுதியை அந்த விமர்சகர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். (கதை முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.) அவள் கடைசியாக ஒருமுறை அவனை விட்டுப் போகிறாள், இம்முறை பழைய வாழ்வுக்கு அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் தன்னைப் போன்ற பெண்களுக்கு ஓர் இல்லம் நடத்துகிறாள். ஆண்டுகள் கழித்துத் தானாகத் திரும்பி வருகிறாள். கோமேருக்கு ஓசியாவின் புத்தகத்தில் ஒரு வரி பேச்சுகூட இல்லை. அந்த மௌனத்துக்குள் ஒரு நாவலாசிரியை இவ்வளவு இடம் கண்டுபிடித்தது சாதாரண காரியமில்லை.

தேவைக்காகத் திருமணம், முன்பின் பார்க்காத மணமகன். இதெல்லாம் உண்மையில் நடந்ததா?

நடந்தது, சில நேரம் சட்டமே தூண்டியது. ஓரிகானில் 1850இல் வந்த நன்கொடை நிலச் சட்டப்படி, அதுவரை குடியேறியிருந்த தனி ஆணுக்கு 320 ஏக்கர், மணமானவனுக்கு 640. அதில் பாதி மனைவியின் சொந்தப் பெயரில். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கெடுவுக்குள் நிலத்தை இரட்டிப்பாக்க அவசரப்பட்ட ஆண்கள் பதின்வயதைத் தொட்டும் தொடாத சிறுமிகளைக்கூட மணந்தார்கள். பெண்ணுக்குச் சொத்து கொடுத்த அதே சட்டம் பெண்பிள்ளைகளைச் சொத்தாக்கியது. இதைத் தொடாமல் ஓரிகான் காதல் கதை எழுதுகிறவர்கள் பாதி வரலாற்றை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தில் கறுப்பினத்தவருக்கு இடமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மிஷனெரிப் பணியிலும் இது உண்டு. நார்சிஸா பிரென்டிஸ் மிஷனெரியாக விண்ணப்பித்தபோது, மணமாகாத பெண்ணை அனுப்ப மிஷன் சங்கத்துக்கு மனமில்லை. மருத்துவர் மார்கஸ் விட்மனுக்கும் துணைவி தேவைப்பட்டது. 1836 பிப்ரவரியில் திருமணம், மறுநாளே மேற்கு நோக்கிப் பயணம்.

இவற்றுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1864இல் ஏசா மெர்சர் என்பவர் சியாட்டிலுக்கு 11 இளம்பெண்களை அழைத்து வந்தார். மணப்பெண் கப்பல் என்று ஊர் சிரித்தது. வந்தவர்களில் பலர் ஆசிரியப் பணிக்கு வந்தவர்கள். பிறகு பெரும்பாலோர் மணம் செய்துகொண்டார்கள் என்பது உண்மை, ஆனால் கப்பல் ஏறியது சம்பளத்துக்காக.

பயணத்தைப் பற்றி நாவல்கள் சொல்வது நம்பத்தக்கதா?

குடியேறிகள் மேற்கே போன வண்டிப்பாதையான ஓரிகான் தடம் சுமார் 2,000 மைல், நாளுக்குப் பதினைந்து மைல் போனால் நல்ல நாள், மொத்தம் நான்கு முதல் ஆறு மாதம். வண்டியை இழுத்தவை பெரும்பாலும் எருதுகள். அட்டைப்படத்தில் பாய்ந்தோடும் குதிரைகளை மறந்துவிடுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்து போனவர்கள் நோயாளிகளும் பச்சிளங்குழந்தைகளும். மற்றவர்கள் நடந்தார்கள். மரமில்லாத சமவெளியில் அடுப்பெரிக்கக் காட்டெருமையின் காய்ந்த சாணத்தைப் பெண்கள் பாவாடையில் பொறுக்கிச் சேர்த்தார்கள். நம் ஊர் வறட்டிதான், தட்டும் வேலை மட்டும் மிச்சம். அதிகம் கொன்றது காலரா. வண்டிச் சக்கரம், ஆற்று வெள்ளம், தவறி வெடித்த துப்பாக்கி ஆகியவையும் கொன்றன.

நாவல்கள் தவறவிடும் நல்ல சண்டை ஒன்று உண்டு: ஞாயிற்றுக்கிழமை நிற்பதா, போவதா? ஓய்வுநாளை மீறக்கூடாது என்று ஒரு சாரார். பனி விழுமுன் மலையைக் கடக்காவிட்டால் எல்லாரும் சாவோம் என்று மறுசாரார். இதனால் உடைந்த வண்டிக்குழுக்களும் உண்டு. நின்றால் எருதுகளுக்கும் ஆண்களுக்கும் ஓய்வு. பெண்கள் அன்றுதான் ஒரு வாரத்து அழுக்குத்துணியைத் துவைத்து, ரொட்டி சுட்டு அடுக்கினார்கள். ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கச் சொல்லி வாதாடிய பக்தியுள்ள பெண்ணுக்கே அன்று ஓய்வில்லை. இந்த ஒரு முரணிலிருந்து ஓர் அத்தியாயம் எழுதலாம்.

ஏன் இத்தனை நாயகிகள் பள்ளி ஆசிரியைகள்?

நிஜத்திலும் அப்படித்தான். கேதரின் பீச்சரின் முயற்சியில் உருவான தேசியக் கல்வி வாரியம், உள்நாட்டுப் போருக்கு முன் ஏறக்குறைய 600 பெண் ஆசிரியைகளை மேற்கே அனுப்பியது. விண்ணப்பிக்கிறவர் திருச்சபை உறுப்பினராக இருக்க வேண்டும், தன் மனமாற்ற அனுபவத்தை எழுதித் தர வேண்டும், இரண்டு ஆண்டு பணியாற்ற ஒப்ப வேண்டும். பலர் தகப்பனை இழந்தவர்கள், சொந்தச் சம்பாத்தியம் தேவைப்பட்டவர்கள். சேவை ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம். இரண்டையும் ஒருத்தியிடம் வைத்து எழுதும்போது ஆசிரியை உயிர் பெறுகிறாள்.

பூர்வகுடிகளை இந்த நாவல்கள் எப்படிக் காட்டுகின்றன?

மோசமாக. பழையவை அவர்களைப் பயமுறுத்தும் நிழலாகக் காட்டின. புதியவை பல, நாயகியின் நல்ல மனத்தை நிரூபிக்க வந்து போகும் சாந்தமான பாத்திரமாகக் காட்டுகின்றன. இரண்டாவதில் மரியாதை கூடுதல், ஆனால் ஆள் இல்லை.

நார்சிஸா விட்மனின் முடிவைப் பார்த்தால் சிக்கலின் ஆழம் புரியும். அவரும் எலைசா ஸ்பால்டிங்கும் 1836இல் ராக்கி மலைத்தொடரைக் கடந்த முதல் வெள்ளைப் பெண்கள். வாலா வாலாவுக்கு அருகே வயிலாட்பு என்ற இடத்தில் கயூஸ் என்ற பூர்வகுடி மக்களிடையே விட்மன் தம்பதி மிஷன் அமைத்தார்கள். 1839இல் நார்சிஸாவின் ஒரே குழந்தை, இரண்டு வயது அலைஸ், ஆற்றில் மூழ்கி இறந்தாள். பின்னர் பயணத்தில் பெற்றோரை இழந்த சேகர் குடும்பத்தின் ஏழு பிள்ளைகளையும் வளர்க்க எடுத்துக்கொண்டார். இவ்வளவும் நாவலுக்கான வலிமை. ஆனால் கயூஸ் மக்களோடு அவருக்கு ஒட்டவே இல்லை. வீட்டுக்குள் அவர்கள் வந்து போவது அவருக்குச் சங்கடம். மிஷன் மெல்ல மெல்லக் குடியேறிகளின் தங்குமடமாக மாறியது. 1847இல் தட்டம்மை பரவியபோது மருத்துவர் விட்மனின் சிகிச்சையில் வெள்ளைக் குழந்தைகள் பலர் பிழைத்தார்கள், எதிர்ப்புச் சக்தியே இல்லாத கயூஸ் குழந்தைகள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். விஷம் வைக்கிறார் என்ற சந்தேகம் எழுந்தது. அந்த நவம்பர் 29இல் தம்பதியும் மற்றவர்களும் கொல்லப்பட்டார்கள். 1850இல் ஐந்து கயூஸ் ஆண்கள் ஓரிகான் சிட்டியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

நீண்டகாலம் இது இரத்தசாட்சிக் கதையாக மட்டும் சொல்லப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த கயூஸ் தாயையும், பிள்ளையைப் பறிகொடுத்த நார்சிஸாவையும் ஒரே பக்கத்தில் நிறுத்தத் துணிகிற நாவல்தான் எனக்குக் கிறிஸ்தவ நாவல்.

நாயகி வெள்ளைப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா?

யார் சொன்னது? பிரிஜெட் பிடி மேசன், 1818இல் அடிமையாகப் பிறந்தவர். தன்னை உடைமையாக வைத்திருந்த குடும்பத்தின் வண்டிகளுக்குப் பின்னால், கால்நடைகளை ஓட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு யூட்டா வரை நடந்தார். அங்கிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். அடிமைமுறை சட்டப்படி இல்லாத மாநிலம் அது. மீண்டும் டெக்சாஸுக்கு இழுத்துப் போக முயன்றபோது வழக்கு நடந்து, 1856இல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் அவரையும் பிள்ளைகளையும் சுதந்திரர் என்று அறிவித்தது. அவர் மருத்துவச்சியாக உழைத்துச் சேமித்து, 1866இல் ஸ்பிரிங் தெருவில் 250 டாலருக்கு நிலம் வாங்கினார். 1872இல் அவர் வீட்டில்தான் அந்நகரின் முதல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபை கூடியது. வயலை விசாரித்து வாங்கினவள் யார் என்று கேட்டால் நான் இவரைக் காட்டுவேன்.

மேரி ஃபீல்ட்ஸையும் விட்டுவிட முடியாது. இவரும் அடிமையாகப் பிறந்தவர். மான்டனாவில் உர்சுலைன் கன்னியர் மடத்தில் உழைத்தவர். ஆறடி உயரம், சுருட்டு, சண்டை. பிஷப் அவரை மடத்திலிருந்து வெளியேற்றியபின், அறுபது வயதைக் கடந்து, 1895 முதல் எட்டு ஆண்டுகள் தபால் வண்டி ஓட்டினார். துப்பாக்கியைப் பற்றி மேலே சொன்னதற்கு இவர் ஒருவர் விதிவிலக்கு.

எழுத்தாளர்கள் செய்யும் வரலாற்றுப் பிழைகளில் உங்களை அதிகம் எரிச்சலூட்டுவது எது?

பாட்டு. 1849இல் வண்டிக்கருகே அமர்ந்து நாயகி "பாவ சஞ்சலத்தை நீக்க" என்று நாம் தமிழில் பாடும் பாடலின் ஆங்கில மூலத்தைப் பாடுவாள். அதன் வரிகள் எழுதப்பட்டது 1855இல், ராகம் அமைந்தது 1868இல். அவளுக்கு ஐசக் வாட்ஸும் சார்லஸ் வெஸ்லியும் இருக்கிறார்கள், நூறாண்டுப் பழமையான நல்ல பாடல்கள், அவற்றைப் பாடட்டும்.

அடுத்தது முள்கம்பி. கிளிடனின் காப்புரிமையே 1874இல்தான், அதற்கு முன் வேலிச் சண்டை எழுதினால் மரவேலியாக எழுத வேண்டும். பெண்கள் பெரும்பாலும் ஒருபக்கச் சேணத்தில்தான் சவாரி செய்தார்கள் என்பதும் மறந்துபோகிறது. மற்ற பிழைகளை மன்னித்துவிடலாம்.

கிறிஸ்தவரல்லாதவர் படித்தால் ரசிக்க முடியுமா?

நல்ல நாவலாக இருந்தால் முடியும். கம்பராமாயணத்தை ரசிக்க வைணவராக இருக்க வேண்டியதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

தமிழில் இப்படி ஒன்று எழுத நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

மேற்கே போன பல குடும்பங்களில் பைபிளோடு ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையும் இருந்தது. அதே கதையை ஆதாரமாக வைத்துத்தான் எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார், 1894இல் நூலாக வந்தது. ஆகவே பயணமும் சோதனையும் விசுவாசமும் சேர்ந்த கதைக்கு நம் மொழியில் ஏற்கெனவே ஒரு மரபு இருக்கிறது. வேதாகமத் தமிழின் ஓசையை நாயகியின் ஜெபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் அவள் சாதாரணமாகப் பேசட்டும்.

களத்தை அமெரிக்காவிலேயே வையுங்கள், நாயகியின் பெயரை மேரி என்று மாற்றி நெல்லைச் சீமைக் குணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பெண்கள் எழுதிய பயண நாட்குறிப்புகளும் கடிதங்களும் ஏராளமாக அச்சாகியிருக்கின்றன. நாவல்களைப் படிக்குமுன் அவற்றில் சிலவற்றைப் படியுங்கள்.

யாரைப் பற்றி நாவல் வர வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?

சூசன் லா ஃபிளெஷ் பிகோட். 1865இல் நெப்ராஸ்காவில் ஒமாஹா மக்களிடையே பிறந்தவர், தலைவர் ஒருவரின் மகள். சிறுமியாக இருந்தபோது, பலமுறை ஆளனுப்பியும் வெள்ளை மருத்துவர் வராததால் ஒரு மூதாட்டி இறந்ததை அருகிலிருந்து பார்த்தவர். பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1889இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். அமெரிக்கப் பூர்வகுடிகளில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். பெரிய மருத்துவமனை எதையும் தேடாமல் சொந்த மக்களிடமே திரும்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே மருத்துவராகப் பனியிலும் குதிரை வண்டியிலும் அலைந்தார். பிரஸ்பிட்டேரியன் சபையில் வேதபாடம் நடத்தினார், மதுவுக்கு எதிராகப் போராடினார். கணவரின் மரணத்திலும் மதுவுக்குப் பங்கு இருந்தது. 1913இல் வால்ட்ஹில் ஊரில் மருத்துவமனை ஒன்றைத் திறந்தார், இரண்டு ஆண்டுகளில் இறந்தார்.

அவரை வைத்து எழுதுகிறவர் நோயாளிகளோடு நின்றுவிடக் கூடாது. கணவர் 1905இல் இறந்தபின், பிள்ளைகளுக்கு வரவேண்டிய நிலத்துக்காக அவர் அரசு அலுவலகங்களுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். படித்த மருத்துவர், பெற்ற தாய், ஆனால் சொந்தப் பிள்ளைகளின் சொத்தை மேற்பார்க்கும் தகுதி அவருக்கு உண்டா என்று அதிகாரிகள் யோசித்தார்கள். 1910இல் ஒமாஹா மக்களின் நில விவகாரத்துக்காக வாஷிங்டனுக்கே போய் வாதாடினார். நாவலை அந்தக் கடிதங்களில் தொடங்கலாம்.